டிக்கிக்குக் கீழே என்ன இருக்கு?



இந்த வாரம் முதலில் ஒரு மன்னிப்பு.

போன வருடம் நான் புதுக் கார் வாங்கின கதையை ஒரு முழு எபிசோட்டாகச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? 52 நிமிடம். ஸ்கிரீன் எத்தனை அங்குலம், மென்பொருள் எப்படி இரவோடு இரவாகத் தானே அப்டேட் ஆகுது, லேன் மாறும்போது கமரா எப்படி உதவுது எல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். அதைக் கேட்டிட்டு அதே காரை வாங்கினதாக உங்களில் மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அந்த 52 நிமிடத்தில் ஒரு தடவைகூட நான் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஏனென்றால் தூக்கிப் பார்க்கவில்லை.

அதைத் தூக்கிப் பார்த்த நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் அக்கா, எங்களுக்குப் பெரிய மாமி, செப்டெம்பரில் மொன்றியலில் காலமானா. அவவின் அந்தியேட்டி தாங்ஸ்கிவிங் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அப்பாவுக்கு ஞாயிறு இரவு வேலை, லீவு கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு வெளிக்கிட்டோம். விடிய நாலு மணிக்கு ஸ்காபரோவில் 401க்கு ஏறினோம். நான் ஓட, அப்பா பக்கத்தில் நித்திரை.

எட்டேகால் போல கோர்ன்வாலைத் தாண்டி, கியூபெக் எல்லைக்குக் கொஞ்சம் முன்னுக்கு, ரோட்டில் கிடந்த ஏதோ ஒரு இரும்புத் துண்டில் முன் வலது சில்லு ஏறிவிட்டது. ‘டப்’ என்று ஒரு சத்தம். உடனே ஸ்கிரீனில் என் காரின் அழகான படம் ஒன்று வந்தது. நாலு ரயர், மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் 190 என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க 120 ஆகி, பிறகு 40 ஆனது. நல்ல காலம், எக்ஸிட் பக்கத்திலேயே இருந்தது. மெதுவாக இறக்கி, ஒரு பெற்றோல் செட்டுக்குப் பக்கத்து வெறும் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். சமதரை, வாகனம் ஒன்றும் இல்லை, வெளிச்சமும் வந்துவிட்டது. ரயர் மாற்றுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்பா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். பதட்டமே இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சொன்னார், “பிள்ளை, ஸ்பெயர் வீலை எடு. இருபது நிமிசத்தில மாத்திப்போட்டு வெளிக்கிடலாம்.”

நான் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினேன். ஒரு சின்னப் பம்ப். ஒரு போத்தல் பசை. மிச்சம் வெறும் பஞ்சு.

“வீல் எங்க?”

“இல்லை அப்பா.”

“இல்லையெண்டா? வீட்டில வச்சிட்டு வந்தனியோ?”

“இந்தக் காருக்கே இல்லை அப்பா. அவை தாறேல்லை.”

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இவ்வளவு காசு குடுத்து?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பம்பைச் செருகிப் பசையை அடித்தேன். ரயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தது. அடிக்க அடிக்க வெள்ளையாக அந்தக் கிழிசலால் வழிந்து நிலத்தில் ஊற்றியது. இந்தப் பசை ரயரின் அடிப்பாகத்தில், ஆணி ஏறின மாதிரிச் சின்னத் துளை விழுந்தால் மட்டும்தான் வேலை செய்யும். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. இதைப் போத்தலிலேயே எழுதியிருக்கிறார்கள். முழுப் போத்தலையும் அடித்து முடித்தபிறகுதான் வாசித்தேன்.

காரோடு மூன்று வருடத்துக்கு இலவச வீதி உதவி வந்தது. ஆப்பில் ஒரு தட்டுத் தட்டினேன். ‘45 நிமிடம்’ என்றது. சரி, ஒன்பதேகாலுக்கு வந்தால் ஏதாவது செய்யலாம் என்று நினைத்தோம். ஒன்பது மணிக்குப் பார்த்தால் திரும்ப 45 நிமிடம். ஒன்பதரைக்கும் அதே 45. அந்த இலக்கத்தை நம்பித்தான் நாங்கள் மொன்றியலில் ஒருவரையும் வந்து ஏற்றச் சொல்லவில்லை. ஆப் நேராக ‘மூன்று மணித்தியாலம்’ என்று சொல்லியிருந்தால் எட்டரைக்கே மச்சானைக் கூப்பிட்டிருப்போம். டோ ட்ரக் வந்தபோது நேரம் பதினொன்று பத்து. தாங்ஸ்கிவிங் என்றபடியால் ஒன்ராரியோப் பக்கம் ரயர்க் கடை எல்லாம் பூட்டு. காரை ஒரு யார்டில் இறக்கிவிட்டார்கள். மாமியின் மருமகன் வந்து ஏற்றிப்போனார். நாங்கள் போய்ச்சேர ஒன்றரை தாண்டிவிட்டது. ஐயர் போய்விட்டார். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

அப்பா அக்காவின் அந்தியேட்டியை என் போனில், வாட்ஸப் வீடியோவில்தான் பார்த்தார், அந்தத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து. நெட்வேர்க் நல்லாக இருந்தது. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சீட் சூடேற்றியும் வேலை செய்தது.

கணக்கு இதுதான். அந்த இடத்திலிருந்து மாமி வீட்டுக்கு 90 கிலோமீற்றர். பழைய கார்களில் வரும் அந்தச் சின்ன ‘டோனட்’ ஸ்பெயர் வீலில் மணிக்கு 80க்கு மேலே ஓடக்கூடாது. 80இல் ஓடியிருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணித்தியாலம். எட்டே முக்காலுக்கு வெளிக்கிட்டிருந்தால் பத்து மணிக்கு வாசலில் நின்றிருப்போம்.

*

இனி நான் சொல்ல வந்த விசயம்.

உங்கள் காரில் ஸ்பெயர் வீல் இல்லாமல் போனது தற்செயல் இல்லை. முன்னேற்றம் என்று எங்களுக்கு விற்கப்பட்ட ஒரு விட்டுக்கொடுப்பு அது. அதைப் பற்றி எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. என் மாதிரி ரெக்னோலொஜி பேசுற ஆட்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஏன் எடுத்தார்கள்? நியாயமான காரணங்கள் இருக்கு, அதையும் சொல்லவேண்டும். ஸ்பெயர் வீல், ஜக், ஸ்பனர் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ. எரிபொருள் விதிகள் ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் எல்லாவற்றின் சராசரியைத்தான் பார்க்கின்றன. லட்சக்கணக்கான காரில் 20 கிலோ குறைந்தால் அந்தச் சராசரியில் அவர்களுக்கு லாபம். உங்கள் பெற்றோல் காசில் நீங்கள் அதைக் கவனிக்கவே மாட்டீர்கள். வீலைக் கொடுக்காவிட்டால் அந்தச் செலவும் மிச்சம். மின்சாரக் காரில் அடியில் பற்றறி இருப்பதால் இடமும் பிரச்சினை. ஸ்பெயர் வீல் கொடுத்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டமும் இல்லை. அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2015இல் பார்த்தபோதே, அந்த வருடப் புது மொடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்பெயர் வீல் இல்லை.

“ஸ்பெயர் வீலை ஆர் இப்ப பாவிக்கினம்? பத்து வருடம் சும்மா கிடந்து அதிலேயே காத்து இறங்கியிருக்கும்” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பழைய ரயர்களைவிட இன்றைய ரயர்கள் எவ்வளவோ உறுதி. ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வீல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன, ரயரின் பக்கச் சுவர் மெலிந்துகொண்டே வந்தது. பார்க்க வடிவு. ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடியைத் தாங்கிக்கொள்ள இடையில் அவ்வளவு ரப்பர் இல்லை. பக்கச் சுவர் கிழிய வாய்ப்புக் கூடிய ரயரைப் போட்டுவிட்டு, பக்கச் சுவருக்கு உதவாத பசையைக் கையில் தந்திருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கோபம் வந்த இடம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கோ. ரயரில் காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற அமைப்பு அமெரிக்காவில் 2008 மொடல் முதல் சட்டப்படி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல். கனடாவில் கட்டாயம் இல்லை, ஆனாலும் பெரும்பாலான கார்களில் வருது. நான் அதற்கு எதிர் இல்லை, உயிர் காக்கிற சாமான் அது. ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது இது. என்ன பிழை, எந்தச் சில்லு, எவ்வளவு வேகமாக இறங்குது என்று எல்லாவற்றையும் கார் எனக்குச் சொன்னது. அதைத் திருத்த ஒரு வழியும் அந்தக் காருக்குள் இல்லை. தகவல் முழுக்க என் கையில், தீர்வு 45 நிமிடத் தூரத்தில்.

இது ரயர் விசயம் மட்டும் இல்லை என்று உங்களுக்கு விளங்கும். கழற்ற முடியாத போன் பற்றறி, திறக்க முடியாத லப்டொப், நெட் இல்லாவிட்டால் எரியாத லைட். இந்தப் பொட்காஸ்டில் நாங்கள் மாதத்துக்கு ஒருக்கா இதைப் பற்றிப் பேசுறோம். சாமான் பழுதாகும் என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சமாளிக்க ஒரு வழியையும் உங்கள் கையிலேயே தந்துவிடுவது ஒரு வகை டிசைன். பழுதானால் எங்களைக் கூப்பிடுங்கோ என்பது இன்னொரு வகை. முதலாவதில் உங்களுக்குக் கொஞ்சம் ஊத்தை பிடிக்கும். இரண்டாவதில், கூப்பிடுகிற இடத்தில் ஆள் இருக்கவேண்டும், அந்த நாள் லீவாக இருக்கக்கூடாது, இலவசக் காலம் முடிந்திருக்கக்கூடாது.

*

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஆரம்ப காலக் கார்களும் ஸ்பெயர் வீல் இல்லாமல்தான் வந்தன. அந்தக் காலத்து ரோடும் ஆணியும் கண்ணாடியும்தான். ரயர் போனால் ரோட்டோரத்தில் இருந்து கழற்றி ஒட்டவேண்டியதுதான். 1904இல் வேல்ஸில், லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் இரண்டு பேர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காற்று அடித்து ரெடியாக இருக்கிற ஒரு வளையம். காற்றுப் போன வீலைக் கழற்றத் தேவையில்லை, அதன் மேலேயே பூட்டிக்கொண்டு ஓடலாம். அவர்களின் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. சாமானுக்கும் ஸ்டெப்னி என்றே பெயர் வைத்தார்கள். லண்டன் ரக்ஸிகளில்கூட அது ஓடினது.

எங்கள் பொட்காஸ்டில் என்னோடு பேசுகிறவரின் வீட்டார் திருச்சி. அவர் எப்பவும் “ஸ்டெப்னி இல்லையா?” என்றுதான் கேட்பார். நான் அது ஏதோ தமிழ்நாட்டு மெக்கானிக் பாசை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பார்த்தால் அது ஒரு வேல்ஸ் தெரு. இந்தியாவில் இன்றைக்கும் ஸ்பெயர் வீலுக்கு அதுதான் பெயர்.

ஆக, நூறு வருடத்துக்கு முந்தி கார்க்காரன் தராததை ஒரு இரும்புக்கடை விற்றது. இன்றைக்குக் கார்க்காரன் திரும்பவும் தரவில்லை. ஆனால் பாகங்கள் விற்கிற கவுண்டரில் அதையே ‘அக்ஸசரி’ என்று விற்கிறான்.

*

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்தபோது ஒரு ஒஸ்ரின் ஏ40 ஹயர் கார் ஓடினவர். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் அவை. புது ரயருக்கு எங்கே போவது? ஒட்டுக்கு மேலே ஒட்டு. இதெல்லாம் நான் சின்ன வயதில் கேட்டுச் சலித்த கதை. “அப்பா, இது கனடா” என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவரிடம் எனக்கும் ஒரு குறை இருக்கு. பதினாறு வயதில் எனக்கு லைசென்ஸ் எடுக்க வைத்தவர் அவர்தான். பனியில் எப்படி பிரேக் பிடிப்பது என்று மோல் தரிப்பிடத்தில் வைத்துக் காட்டித் தந்தவர். தம்பிக்கு ரயர் மாற்றப் பழக்கினவர். எனக்குப் பழக்கவில்லை. கேட்டபோது, “உனக்கு ஏன் உது, ஊத்தை. கூப்பிட்டா ஆள் வரும்தானே” என்றார். அந்தத் தரிப்பிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஆள் வரும் என்று நம்பின ஆட்களாகத்தான் நின்றோம். அவர் என் விசயத்தில் நம்பினார், நான் ஆப்பில் நம்பினேன்.

அடுத்த கிழமை சனிக்கிழமை அப்பா என் கராஜ் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே என் வின்ரர் ரயர் நாலும் றிம்மோடு அடுக்கிக் கிடந்தன. “நாலு வீல் சும்மா கிடக்குது பார். ஒண்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, தனக்கே சொன்ன மாதிரித்தான் சொன்னார். பிறகு ஜக்கை என் கையில் தந்தார்.

*

நீங்கள் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தக் கிழமை டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கோ. இதற்கு ஒரு நிமிடம் போதும். உங்கள் அம்மா அப்பாவின் காரையும் பாருங்கோ.

ஸ்பெயர் வீல் இருந்தால், அதில் காற்று இருக்கா என்று பாருங்கோ. அந்த ஒல்லி டோனட்டுக்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ வேண்டும், மற்ற ரயர்களைவிட நல்லாக் கூட. எவ்வளவு என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதே பக்கத்தில் நாலு இலக்கம் ஒன்றும் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டு 35ஆவது கிழமை செய்தது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது போகும். நட்டுகளில் ஒன்று பூட்டு நட்டாக இருந்தால் அதற்குரிய திறப்பு காருக்குள் இருக்கா என்றும் பாருங்கோ. அது இல்லாவிட்டால் மிச்சம் எல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

பிறகு வீட்டு வாசலில், பகலில், ஒருக்கா மாற்றிப் பழகுங்கோ. சமதரையில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, கை பிரேக்கை இழுங்கோ. காரைத் தூக்குவதற்கு முன்னமே நட்டுகளைக் கொஞ்சம் இளக்குங்கோ. தூக்கின பிறகு இளக்கப் பார்த்தால் சில்லுச் சுற்றும், காரும் ஆடும். ஜக்கை மனுவலில் காட்டின இடத்தில் மட்டும் வையுங்கோ. ஜக்கில் நிற்கிற காருக்குக் கீழே கையோ காலோ போகக்கூடாது. புது வீலைப் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுக்கு எதிரே இருக்கிற மற்றதாக, நட்சத்திரம் கீறுகிற மாதிரி இறுக்குங்கோ. காரை இறக்கின பிறகு கடைசி இறுக்கு. ஒரு 80, 100 கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ. எனக்கு முதல் தடவை 50 நிமிடம் எடுத்தது, மூன்றாம் தடவை 22. அப்பா இன்னும் சிரிக்கிறார்.

டோனட் என்பது வீட்டுக்கோ கடைக்கோ போய்ச்சேர மட்டும்தான். 80க்கு மேலே வேண்டாம், அதிலேயே ஒரு கிழமை திரியவும் வேண்டாம். நாலு சில்லிலும் இழுவை இருக்கிற காரென்றால், எந்தப் பக்கத்தில் போடலாம், எவ்வளவு தூரம் ஓடலாம் என்று மனுவலைப் பாருங்கோ.

ஸ்பெயர் வீல் இல்லாவிட்டால், உங்கள் மொடலுக்கு ஒரு கிட் விற்கிறார்களா என்று கேளுங்கோ. நான் நானூறு டொலருக்குக் கொஞ்சம் குறைய வாங்கினேன், ஜக்கும் ஸ்பனரும் சேர்த்து. காசு இல்லையென்றால், தூரப் பயணத்துக்கு அப்பா சொன்ன மாதிரி வின்ரர் வீல் ஒன்றைத் தூக்கிப் போடுங்கோ. ஜக்கை மறக்கவேண்டாம், ஸ்பெயர் வீல் தராத காரில் பெரும்பாலும் ஜக்கும் வராது. பசைப் போத்தலுக்குக் காலாவதித் திகதி இருக்கு, அதையும் பாருங்கோ.

கடைசியாக, மிக முக்கியம். 401 மாதிரி வேக வீதியின் ஓரத்தில் நின்று இதைச் செய்யாதேங்கோ, முக்கியமாகப் போக்குவரத்துப் பக்கத்துச் சில்லென்றால். மெல்ல மெல்ல உருட்டி எக்ஸிட்டுக்கு இறங்குங்கோ. றிம் போனால் போகட்டும். இறங்க முடியாவிட்டால் ஹஸார்ட் லைட்டைப் போட்டு, பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு உதவியைக் கூப்பிடுங்கோ. ஸ்பெயர் வீல் வேண்டும் என்று கத்துற நானே இதைச் சொல்கிறேன். எப்போது நீங்களே செய்யலாம், எப்போது ஆளைக் கூப்பிடவேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை உங்களிடம் இருக்கவேண்டும் என்பதுதான் என் கதை. வீல் இல்லாத காரில் அந்தத் தீர்மானத்தை வேறு யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள்.

இனி இந்தப் பொட்காஸ்டில் எந்தக் காரைப் பற்றிப் பேசினாலும், முதல் கேள்வி ஸ்கிரீனைப் பற்றி இருக்காது.

உங்கள் டிக்கிக்குக் கீழே என்ன இருக்கு என்று ஒரு படம் எடுத்து இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. போன வருட எபிசோட்டைக் கேட்டு அந்தக் காரை வாங்கின மூன்று பேரும் தயவுசெய்து முதலில் அனுப்புங்கோ. உங்களுக்கு நான் ஒரு ஜக் கடன்.